பேணுவதற்கும் ஆள் வேண்டும்



நம் தோட்டப்புறங்களில் பொதுத்தேர்தல் வந்துவிட்டால் முதலில் கண்ணில் படுகிறவர்கள் இளைஞர்கள்தாம். மூங்கில் வெட்டிக் கொடிக்கம்பம் நடுகிறவர்கள் அவர்கள். மோட்டார் சைக்கிளில் வேட்பாளருக்கு முன்னே செல்கிறவர்கள் அவர்கள். கூட்டம் முடிந்தபின் நாற்காலிகளை அடுக்கி வைக்கிறவர்களும் அவர்களே. தேர்தல் முடிந்த மறுவாரம் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பாருங்கள். கட்சியில் அவர்களுக்கு வேலை இல்லை. தோட்டத்துப் பொதுவேலை எதையும் யாரும் அவர்கள் கையில் கொடுப்பதும் இல்லை. கோயில் கணக்கு ஒரு பெரியவரிடம் இருக்கும். பள்ளி வாரியம் வேறு இருவர் மூவரிடம் இருக்கும். தொழிற்சங்கக் கிளையின் முத்திரை இருபது ஆண்டுகளாக ஒரே வீட்டுப் பெட்டியில் இருக்கும். கொடி மட்டும் பிள்ளைகளிடம்.

இந்த நிலையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். உள்ளதைக் காத்து, நிதானமாகத் திருத்தி, சட்டத்துக்குள் நின்று நடத்தும் அரசியலில் நம் பிள்ளைகள் ஈடுபடுவது எப்படி? அதற்கும் சமூகத் தொண்டுக்கும் உள்ள உறவு என்ன? நாம் ஆசிரியர்கள், எந்தக் கட்சிக்கும் ஆள் சேர்க்க இந்த ஒலிபெருக்கியின் முன் வந்து உட்காரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அரசியல் என்ற சொல்லைக் கேட்டாலே நம் தாய்மார்களில் பலர் முகம் சுளிக்கிறார்கள். “படிக்கிற பிள்ளைக்கு அது எதற்கு, வாத்தியாரையா?” என்று கேட்கிறார்கள். அவர்கள் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதே தாய்மார்கள் கோயில் நிலத்தில் நில அளவைக்காரர் வந்து கல் ஊன்றும் நாளில், “நமக்காகப் பேச ஒரு ஆள் இல்லையே” என்று கலங்குவதையும் பார்த்திருக்கிறோம். பேசும் ஆள் அன்றைக்குத் திடீரென்று முளைத்து வரமாட்டார். அவரைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே பழக்கியிருக்க வேண்டும்.

நாம் சொல்லும் இந்த அரசியலைப் ‘பழமை பேணும் அரசியல்’ என்று நூல்களில் எழுதுகிறார்கள். பெயரைக் கேட்டால் பழைய சோற்றைக் கட்டிக்கொண்டு அழுவது போலத் தோன்றும். பொருள் அதுவன்று. பால்மரம் வெட்டிய நம் பெற்றோருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. கத்தி ஆழமாகப் போனால் மரக்கட்டையில் காயம் படும். அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பிறகு அங்கே கத்தி ஓடாது. மெல்லியதாகச் சீவத் தெரிந்தவர் பாலும் எடுப்பார், புதுப்பட்டையும் வளரவிடுவார். இன்று எடுப்பதை எடுத்துக்கொண்டு, நாளைக்கு உரியதைக் காயப்படுத்தாமல் விடுவதுதான் இந்த அரசியலின் அடிப்படை. இன்னொன்றையும் அந்தப் பெரியவர்கள் அறிவார்கள். முப்பது ஆண்டு கடந்து பால் வற்றிய மரத்தை யாரும் பூசை போட்டு வைத்திருப்பதில்லை. வெட்டிவிட்டு மறுநடவு செய்கிறார்கள். எதைக் காப்பது, எதை மாற்றி நடுவது என்று தெரியாதவர் பேணுகிறவர் ஆகமாட்டார்.

நம் மூத்தோர் இந்த வழிக்கு எளிதாக வந்து சேரவில்லை. போர் முடிந்த 1945க்குப் பிறகு கெடா மாநிலத் தோட்டங்களில் ‘தொண்டர் படை’ என்று ஓர் இளைஞர் அமைப்பு எழுந்தது. பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதன் தலைவர்களில் முக்கியமானவர். இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய இளைஞர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். சம்பளத்தைக் கள்ளுக்கடை விழுங்குவதைத் தடுப்பது, லயங்களில் ஒழுங்கை நிலைநாட்டுவது என்பவை அவர்கள் எடுத்துக்கொண்ட வேலைகள். குடிப்பவர்களைப் பிடித்துக் கண்டித்தார்கள். சில இடங்களில் தண்டிக்கவும் செய்தார்கள். 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலை ஒட்டிப் போலீசாருடன் மோதல் ஏற்பட்டது. உயிரிழப்பும் கைதுகளும் நிகழ்ந்தன. குடும்பத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட இயக்கம் அது. அடுத்தவர் முதுகில் கை வைக்காமல் அதைச் செய்திருந்தால் இன்னும் நெடுநாள் நின்றிருக்கும் என்பது நம் எண்ணம்.

1948 ஜூன் மாதத்தில் அவசரகாலச் சட்டம் வந்தது. தீவிரத் தொழிற்சங்கங்கள் பதிவு இழந்தன. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார். அதே மாதத்தில் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழி அடைபட்ட பின்னர், சட்டத்துக்குள் நின்று நகர்கிறவர்களின் காலம் தொடங்கிற்று. 1954இல் பல தோட்டச் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனபோது, அதன் பொதுச் செயலாளர் பி. பி. நாராயணனுக்கு வயது முப்பத்தொன்று. 1946இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடக்கத்தில் மிதவாதக் கட்சியாக இருக்கவில்லை. 1947 அக்டோபர் கடையடைப்பை நடத்திய கூட்டணியில் அதுவும் இருந்தது. பின்னர் 1954இல் அது அம்னோவுடனும் மலாயா சீனர் சங்கத்துடனும் கூட்டணி சேர்ந்தது. 1955ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்தக் கூட்டணி 52 இடங்களில் 51 இடங்களை வென்றது. அந்த ஆண்டில் ம.இ.கா. தலைவரான வீ. தி. சம்பந்தனுக்கும் அப்போது முப்பத்தைந்து வயதுதான். நாம் இன்று சுவரில் மாட்டி மாலை போடும் படங்களில் இருப்பவர்கள் வேலையைத் தொடங்கியபோது இளைஞர்களாக இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இந்த வழியில் கிடைத்த சிறந்த பலன் எது என்று கேட்டால், நாம் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தையே சொல்வோம். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் லயமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை, பள்ளிக்கும் உறுதி இல்லை. உங்கு அப்துல் அசிஸ் அவர்கள் இந்தத் துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கை எழுதினார். அமைச்சராக இருந்த சம்பந்தன் அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. 1960இல் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடமே பங்குப் பணம் திரட்டினார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. மரம் வெட்டியவரே தோட்டத்தில் பங்குதாரர் ஆனார். ஊர்வலத்தையும் உண்ணாவிரதத்தையும் நாம் குறைத்துப் பேசவில்லை. அவற்றுக்கு உரிய காலம் உண்டு. ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர் உட்கார்ந்து பத்து வெள்ளிக்கு ரசீது எழுதிக் கணக்குக் காட்டியிராவிட்டால் அந்தச் சங்கம் ஒரு ஏக்கர்கூட வாங்கியிருக்க முடியாது. அந்த ரசீதுகளை எழுதியவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மிதவாத அரசியலுக்கென்று ஒரு நோய் உண்டு. ‘தலைவர் பார்த்துக்கொள்வார்’ என்பதே அந்த நோய். கிளைத் தலைவரைக் கேட்டால் தொகுதித் தலைவரைக் காட்டுவார். அவரைக் கேட்டால் கோலாலம்பூரைக் காட்டுவார். மனு எழுதத் தெரிந்த இளைஞன்கூட மனு எழுதாமல் மாலை வாங்கப் போனான். பல ஆண்டுகள் இப்படியே போயின. 2007 அக்டோபரில் ஷா ஆலம், பாடாங் ஜாவாவில் ஆலயம் உடைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூர் வீதிகளில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். 2008 மார்ச் பொதுத்தேர்தலில், சம்பந்தன் நின்று வென்ற சுங்கை சிப்புட் தொகுதியிலேயே ம.இ.கா.வின் தலைவர் தோல்வியுற்றார். யார் சரி, யார் தவறு என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. பேணுவோம் என்று சொல்லிவந்த கட்சியில், பேண வேண்டியதைக் கண்காணிக்கக் கீழ்மட்டத்தில் ஆள் இல்லாமற் போனதை அந்த நிகழ்ச்சிகள் காட்டின என்பது மட்டும் நம் கருத்து.

சரி, நம் தோட்டத்தில் பேண வேண்டியவை எவை? கோயிலை எடுத்துக்கொள்வோம். தோட்டக் கோயில்களில் மிகப் பலவும் கம்பெனி நிலத்தில் நிற்கின்றன. அந்தக் காலத்துத் துரை வாய்ச்சொல்லால் கொடுத்த இடம். பெரிய கிராணி முன்னின்று கூரை போட்டுக் கொடுத்திருப்பார். எழுத்தில் ஒன்றும் இருக்காது. நிலம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வருகிறபோது புதிய நிறுவனத்தின் அதிகாரி கேட்கும் முதற்கேள்வி, “உங்கள் சார்பில் பேச யாருக்கு அதிகாரம்?” என்பதுதான். நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் இந்தக் கேள்விக்கு மூன்று கூட்டத்தார் தனித்தனியே போய்ப் பதில் சொன்னார்கள். மூவரிடமும் பதிவுச் சான்றிதழ் இல்லை. கூட்டக் குறிப்பேடு என்று ஒன்று இருந்தது; அதைக் கரையான் தின்றிருந்தது. அம்மன் சிலை கடைசியில் ஒரு கடைவீட்டின் பின்புறத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். பதிவு செய்த பிறகு ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் நடத்திக் கணக்கையும் அறிக்கையையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பத் தவறிய சங்கங்கள் பதிவை இழக்கின்றன. ஐந்தாம் படிவம் முடித்த எந்தப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலை இது. கோயில் எந்த ஆண்டில் எழுந்தது, யார் அனுமதித்தார், திருவிழாவுக்குத் தோட்ட நிருவாகம் எழுதிய கடிதம் எங்கே, பழைய படங்கள் யார் வீட்டில் இருக்கின்றன என்று கேட்டு எழுதி வைப்பதை ஒரு பள்ளி விடுமுறையில் முடித்துவிடலாம். பாட்டிமார்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

நமக்கு மிக நெருக்கமான பொருளாதலால் பள்ளியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறோம். நாடு விடுதலை அடைந்த 1957இல் எண்ணூறுக்கு மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாக உள்ளன. இவற்றில் பல இன்னும் கம்பெனி நிலத்தில் நிற்பதால், அரசாங்கத்தின் பகுதி உதவி மட்டுமே பெறும் பள்ளிகளாக இருக்கின்றன. தோட்டத்தில் மக்கள் குறைந்து மாணவர் எண்ணிக்கை விழும்போது, பள்ளியை மக்கள் குடியேறியுள்ள தாமான் பகுதிக்கு மாற்றலாம். அதற்கு நிலம் வேண்டும், கடிதப் போக்குவரத்து வேண்டும், விடாப்பிடியாகப் பின்தொடரும் ஆள் வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உதவி பெறும் பள்ளிக்கு மேலாளர் வாரியம் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. அந்த வாரியத்தில் அமர்வதைப் பதவி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மாவட்டக் கல்வி இலாகா, நில அலுவலகம், கம்பெனித் தலைமையகம், சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் என்று நான்கு வாசல் ஏறி இறங்கும் வேலை அது. அந்த வாசல்களில் மூன்றாவதும் நான்காவதும் அரசியல் தெரிந்தவருக்குச் சீக்கிரம் திறக்கின்றன. இங்கேதான் தொண்டுக்கு அரசியல் தேவைப்படுகிறது. தொண்டு தெரியாமல் அரசியல் மட்டும் தெரிந்தவருக்கோ, கதவு திறந்த பிறகு கொடுப்பதற்குக் கையில் ஒரு தாளும் இருக்காது.

குடும்பத்தைப் பேணுவது பற்றியும் நம்மவர் நிறையப் பேசுகிறார்கள். ஒரு சிறு செய்தி. 1976ஆம் ஆண்டுத் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் செய்ய வேண்டும் என்பது அதன் விதி. பதிவு செய்யாத தம்பதியரின் பிள்ளை, குடியுரிமை விஷயத்தில் தாயைப் பின்பற்றுகிறது. தாய் அடையாள அட்டையே இல்லாதவராக இருந்தால், தகப்பன் இந்நாட்டுக் குடிமகனாக இருந்தும் பிள்ளை நாடற்றதாகிவிடுகிறது. அத்தகைய பிள்ளைகளை நாம் வகுப்பறையில் பார்க்கிறோம். கெட்டிக்காரப் பிள்ளை, ஓட்டப்பந்தயத்தில் முதல் பிள்ளை, பரீட்சை எழுதப் பத்திரம் கேட்டால் தலை குனிகிறது. ஓர் இளைஞர் மன்றம் தன் தோட்டத்தில் நடக்கும் ஒவ்வொரு திருமணத்துக்கும், முகூர்த்தத்துக்கு முன்பே இருவரையும் தேசியப் பதிவிலாகாவுக்கு அழைத்துச் சென்றால் போதும். மேடையில் குடும்பப் பண்பாடு பற்றி மணிக்கணக்கில் பேசுவதைக் காட்டிலும் அது எத்தனையோ பங்கு மேல்.

வாக்குரிமைக்கு வருவோம். 2019 ஜூலையில் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி, வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. 2021 டிசம்பர் 15 முதல் அது நடப்பில் உள்ளது. 2022 மார்ச்சில் ஜோகூர் சட்டமன்றத் தேர்தலிலும், அதே ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் பொதுத்தேர்தலிலும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வாக்களித்தார்கள். இப்போது வாக்காளராகப் பதிவது தானாகவே நடக்கிறது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அடையாள அட்டையில் எந்த முகவரியோ அந்தத் தொகுதியில்தான் வாக்கு. தோட்டத்தை விட்டு வெளியேறி ஐந்து ஆண்டு ஆன குடும்பம் முகவரியை மாற்றாதிருந்தால், இடிக்கப்பட்ட லயத்தின் பெயரில் வாக்கு எங்கோ கிடக்கும். வாக்களிக்க மட்டுமன்றி வேட்பாளராக நிற்கவும் பதினெட்டு வயது போதும். பல்கலைக்கழகம் சென்ற நம் பிள்ளைகளும், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, கட்சியில் சேரத் தடையில்லை. பழைய பயத்தைப் பெற்றோர் விட்டுவிடலாம்.

ஊராட்சி மன்றத்துக்கு மட்டும் தேர்தல் கிடையாது. 1965இல் நிறுத்தப்பட்ட அத்தேர்தல் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்துபோனது. உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள், நியமனத்தில் கட்சிகளின் கை இருக்கிறது. தெருவிளக்கும் குப்பை லாரியும் வேண்டுமென்றால் கட்சிக் கிளைகளோடு பேசத்தான் வேண்டியிருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, கட்சியில் சேர விரும்பும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. எந்தக் கட்சி என்பது உங்கள் விருப்பம். சேருமுன் கிளைக் கூட்டம் ஒன்றில் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். சென்ற கூட்டக் குறிப்பு வாசிக்கப்படுகிறதா? கணக்குக் கேட்டால் கோபம் வருகிறதா, கணக்குப் புத்தகம் வருகிறதா? சாதி பார்த்து நாற்காலி போடுகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை வேண்டுமென்றே சேர்த்தோம். மரபு, பண்பாடு என்ற பெயரில் பழைய ஊர்ப் பிரிவினைகளைக் கட்டிக்காக்க நினைப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கப்பலில் வந்த மூட்டைகளில் அதுவும் ஒன்று. அதை இறக்கி வைத்தவர்கள் கெட்டுப்போகவில்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1943இல் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தபோது ஜானகிக்கு வயது பதினெட்டு. பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்த அவர், 1946இல் ம.இ.கா.வின் தொடக்க உறுப்பினர்களில் ஒருவராக இருந்தார். நாடாளுமன்ற மேலவையிலும் அமர்ந்தார். அதே படையில் பதினாறு வயதில் சேர்ந்த ராசம்மா பூபாலன் பின்னர் ஆசிரியை ஆனார். ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்றிருந்த நாளில், 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைத்துச் சம ஊதியத்துக்காகப் போராடினார். இன்று எங்கள் பள்ளிகளில் ஆசிரியைகள் சமமாகச் சம்பளம் வாங்குவதில் அந்த உழைப்புக்குப் பங்குண்டு. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் தோட்டத்துப் பெண்கள் ஏராளம். பாட்டிமார் துப்பாக்கி தூக்கிய ஊரில் பேத்தியைக் கூட்டத்துக்கு அனுப்ப யோசிக்கிறோம்!

யோசிப்பதற்குப் பெற்றோர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கூட்டம் இரவு ஒன்பது மணிக்கு நடக்கிறது, கோயில் கொட்டகையில் ஆண்கள் மட்டும் இருக்கிறார்கள், வழியில் விளக்கில்லை. இதற்குச் சட்டத்திருத்தம் ஒன்றும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட வகுப்பறையில் கூட்டத்தை வையுங்கள். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். மறுக்க மாட்டார். குறிப்பேடு எழுதும் பொறுப்பை வந்திருக்கும் பெண்பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுங்கள். ஆறரை மணிக்குக் கூட்டத்தை முடித்துவிட்டால் இருட்டுவதற்குள் எல்லாரும் வீடு சேர்ந்துவிடலாம்.